அணைந்துகொண்டிருக்கிறது

பத்தரைக்கு அழுத்தினேன்.
‘அணைந்துகொண்டிருக்கிறது’ என்றது திரை.
பதினொன்றேகாலுக்கும் அதையே சொன்னது,
வெள்ளைப் புள்ளிகள் வட்டமாய்
ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்க.
மூன்று கிழமையாக இதே கூத்து.

வின்னிபெக்கில் இன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாதிருக்க
தெரு நீளத்துக்கும் கார்களுக்கு வயர் மாட்டியிருக்கிறார்கள்.
ஒரு நகரமே செருகிவிட்டுத் தூங்குகிறது.
நான் மட்டும் நிலக்கீழ் அறையில்
ஒன்றைக் கழற்றலாமா என்று
முழந்தாளில் நிற்கிறேன்.

‘வயரைப் பிடுங்குங்கோவன்!’
மேலிருந்து குகநந்தினி.
பிடுங்கினால் பழுதாகும் என்று விற்றவன் சொன்னான்.
அவன் சொன்ன மற்றதெல்லாம் பொய்.
இதை மட்டும் ஏனோ நம்புகிறேன்.

மகளுக்கு அடித்தேன்.
ஹமில்டனில் அவளுக்குப் பரீட்சை வாரம்.
‘அப்பா, பின்னால மாட்டியிருக்கிறதையெல்லாம்
ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ.
எதைக் கழட்ட அசையுதோ
அதுதான் கள்ளன்.’

மவுஸைக் கழற்றினேன். அசையவில்லை.
கமரா. இல்லை.
யாரோ ஒருவரின் கலியாணப் படங்கள் உள்ள வட்டு,
யாரென்று எங்கள் இருவருக்குமே ஞாபகமில்லை.
அதுவும் இல்லை.
கடைசியில் பிறின்டர்.
ஒரு வருசமாக மையில்லாமல்,
வரித்தாள்களையும் ஒற்றைக் கையுறையையும் சுமந்து
மேசையாகவே மாறிவிட்ட பிறின்டர்.

வயரை இழுத்ததும்
திரை ஒருமுறை இமைத்தது.
மனம் மாறியதுபோல் ஒரு பெட்டியைத் திறந்தது:
‘ஓர் ஆவணம் இன்னும் அச்சாகவில்லை.
மூன்றில் ஒன்றாம் பக்கம்.’

மவுஸைத் திரும்பச் செருகித் திறந்தேன்.
போன மாசி. நகரசபைக்கு. நான்.

‘ஐயா அல்லது அம்மணி,
முப்பத்திரண்டாம் இலக்க வீட்டுக்காரர்
தன் வாசல் பனியை என் வாசலில் கொட்டுகிறார்.
இத்துடன் படங்கள் ஐந்து.’
இரண்டாம் பக்கத்தில் ‘திட்டமிட்டு’ நாலு தரம்.
மூன்றாவதில் கையெழுத்துக்கு விட்ட இடம்,
வேறொன்றுமில்லை.

மை வாங்குவது யாரென்று
அன்று நாங்கள் பிடித்த சண்டையில்
முப்பத்திரண்டாம் இலக்கம் தப்பிவிட்டது.
நான் மறந்தும் போனேன்.
இது மறக்கவில்லை.
என் கோபத்தை வைத்துக்கொண்டு
ஒவ்வொரு இரவும் எனக்காக
முதலாம் பக்கத்திலிருந்து முயன்றிருக்கிறது.

கார்த்திகையில் என் கார் பற்றரி செத்த காலை
கேபிளோடு வந்தவர் அவர்தான்.
கையுறை கழற்றாமலே கை தந்தார்: பொஹ்டான்.
கடிதத்தில் அவருக்குப் பெயரில்லை.
பனியை இப்பவும் இங்கேதான் கொட்டுகிறார்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘ரத்துச் செய்’ அழுத்தினேன்.
‘நீக்கப்படுகிறது’ என்றது.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை
நீக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.
ஐந்தரைக்கு நான் பஸ் தொழிற்சாலையில் நிற்கவேண்டும்.
அச்சு வரிசையையே நிறுத்தி,
மகள் எழுத்துக் கூட்டிச் சொன்ன கோப்புறைக்குள் இறங்கி,
மூன்று பக்கங்களையும்
கையால் பிடித்து அழித்தேன்.
படங்கள் ஐந்தும் வேறிடத்தில் இருக்கின்றன.
அவற்றைத் தொடவில்லை.

பிறகு விசிறி
ஒரு மூச்சு தணிந்தது.
இன்னொன்று.
நின்றது.

அந்த இரைச்சலுக்கு அடியில்
இவ்வளவு நாளும் எதெது கிடந்ததோ.
சூடேற்றியின் டிக்டிக்.
மேலே குகநந்தினி புரண்டு படுப்பது.
அரைவாசி புதைந்த யன்னலுக்கு வெளியே
யாரோ பனி வழிக்கும் சத்தம்,
இந்தக் குளிரில், இந்த நேரத்தில்.
சவள் சீமெந்தில் நீளமாய் உரசுகிறது.
ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு பொத்தென்று விழுகிறது,
எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை.

‘நிண்டுட்டுதோ?’

‘ஓம்,’ என்கிறேன்,
காதை யன்னலோடு வைத்து.
‘கொஞ்சம் பொறும்.’